கொடைக்கானல் விடுமுறைக்கு எந்தப் பசில்: 500-ஆ, 1000-ஆ, மரத்தில் வெட்டியதா?

மே மாதம் கொடைக்கானலில் வீடு பிடித்துத் தங்கும் குடும்பங்களுக்குப் பகல் பொழுது பிரச்சினையே இல்லை. ஏரி, பிரையண்ட் பூங்கா, தூண் பாறை என்று சுற்றிவிடலாம். மதியத்துக்கு மேல்தான் சிக்கல். கோடை மழை பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பனிமூட்டம் இறங்கும். ஏழு மணிக்குள் இருட்டிவிடும், குளிர் வேறு. அதிலிருந்து சாப்பாடு வரைக்கும் எட்டுப் பேர் ஒரு ஹாலில் உட்கார்ந்து என்ன செய்வது? ஆளுக்கொரு போன்தான்.

சீட்டும் கேரமும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், நடுவில் ஒருவர் எழுந்தால் ஆட்டம் கெடும். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி பொருத்திச் சேர்க்கும் ஜிக்சா பசிலில் அந்தத் தொல்லை கிடையாது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் அத்தை பத்து நிமிடம் வந்து நாலு துண்டு பொருத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பலாம். தோற்பவர் என்று யாரும் இல்லாததால் பிள்ளைகள் அழுவதும் குறைவு.

சரி, எந்தப் பசிலை எடுத்துப்போவது? கடையில் 60 துண்டிலிருந்து 2000, 3000 துண்டு வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்து, "நம்மால் முடியுமா?" என்றுதான் யோசிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்தப் பசிலில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கை வைக்க முடியும் என்பதை. வீட்டில் தனியாக உட்கார்ந்து முடிக்க நல்ல பசில் வேறு, எட்டுப் பேர் சேர்ந்து முடிக்க நல்ல பசில் வேறு. கணக்குக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம்: தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மகள், மருமகன், பத்து வயதில் ஒரு பேத்தி, ஐந்து வயதில் ஒரு பேரன். தங்கல் மூன்று இரவு.

முதல் போட்டி 500-க்கும் 1000-க்கும். 1000 என்று எழுதியிருக்கும் பெட்டிகளில் பலவற்றில் இருப்பது 1026 துண்டு. நீளவாக்கில் 38, அகலவாக்கில் 27. அதில் ஓரத் துண்டுகள் 126, உள்துண்டுகள் சரியாக 900. அதேபோல 500 என்பது பெரும்பாலும் 27-க்கு 19, அதாவது 513 துண்டு. ஓரம் 88, உள்ளே 425. ஓரம் கட்டுவதுதான் எல்லோருக்கும் பிடித்த வேலை. ஒரு பக்கம் நேராக இருப்பதால் குழந்தைகூடப் பொறுக்கித் தரும். 500-இல் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓரம். 1000-இல் எட்டில் ஒரு பங்குதான். பெரிய பசிலில் சுலபமான பகுதி சீக்கிரம் தீர்ந்துபோய், மிச்சமிருக்கும் 900 துண்டு மேசை முழுக்கச் சிதறிக் கிடக்கும். இரண்டாம் நாள் மாலை ஆர்வம் வடிவது இங்கேதான்.

நேரமும் இரண்டு மடங்கோடு நிற்காது. துண்டுகள் இரட்டிப்பாகும்போது, ஒவ்வொரு துண்டையும் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்களும் இரட்டிப்பாகின்றன. படம் வழிகாட்டுவதால் முழுசாக நாலு மடங்கு ஆகாது, இரண்டு மடங்குக்கு மேல் நிச்சயம் ஆகும். பழக்கமில்லாத ஒருவர் 500-ஐ நாலைந்து மணி நேரத்தில் முடித்தால், 1000-க்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்குவதுதான் நியாயம். ஆள் கூடினால் நேரம் அதே விகிதத்தில் குறையும் என்றும் நம்ப வேண்டாம். முடிந்த 1000 துண்டுப் பசிலின் அளவு 70 சென்டிமீட்டருக்கு 50. அதைச் சுற்றி நாலு பேர் வசதியாக உட்காரலாம், ஐந்தாவது ஆள் வந்தால் முழங்கை இடிக்கும். ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் 2019-இல் தொடங்கிய உலக ஜிக்சா போட்டியில் தனி ஆளுக்கும் இருவர் அணிக்கும் 500 துண்டுதான், 1000 துண்டுப் பெட்டி நால்வர் அணிக்கு. தனிப் போட்டியில் ஜெயிப்பவர்கள் 500-ஐ நாற்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கதை வேறு, நாம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே செய்கிறவர்கள்.

மூன்று இரவு என்றால் கையில் உண்மையாக இருப்பது எவ்வளவு? மூன்று மாலை, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம். மழை பெய்தால் ஒரு மதியம் கூடுதல். முதல் மாலை வீடு பார்த்து, அறை பிரித்து, சாமான் எடுத்து வைப்பதிலேயே பாதி போய்விடும். ஆகவே நம் எட்டுப் பேருக்கு 500. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாம் இரவே முடிந்தால்கூட நல்லதுதான். மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், பேத்தி போட்டோ எடுத்துப் பள்ளித் தோழிகளுக்கு அனுப்புவாள். முடியாத 1000-ஐக் கிளம்பும் அவசரத்தில் கலைத்து அள்ளிப் பெட்டியில் போடுவது அவ்வளவு இனிமையான வேலை அல்ல. ஒரே வீட்டில் ஐந்து இரவுக்கு மேல் தங்கினால், அதுவும் பசில் பழக்கம் உள்ள இரண்டு பேராவது கூட்டத்தில் இருந்தால், 1000 எடுக்கலாம். 2000 வேண்டாம். அது ஏறத்தாழ 98-க்கு 75 சென்டிமீட்டர். நடுப்பகுதிக்குப் பிள்ளைகளின் கை எட்டாது, அந்த அளவு காலி மேசை வாடகை வீட்டில் கிடைக்கவும் கிடைக்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 500-க்கும் 1000-க்கும் துண்டின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், அகலம் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் தாத்தாவுக்குக் கண்ணுக்கு எளிது என்று நினைப்பது தவறு. அவருக்கு வேண்டியது 'பெரிய துண்டு' என்று போட்டு விற்கும் வகை. 1000-இன் பரப்பையே 500 துண்டாக வெட்டியிருப்பார்கள், ஒவ்வொரு துண்டும் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். தாத்தா பாட்டி உட்காரும் வீட்டுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். கனடாவின் காபிள் ஹில் நிறுவனம் இன்னொரு வழி கண்டிருக்கிறது: 350 துண்டுக் குடும்பப் பசில். ஒரே படத்தில் ஒரு பகுதி பெரிய துண்டு, நடுவில் நடுத்தரம், மறுபகுதி சின்னது. பேரன் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம் உட்கார்ந்து நடுவில் சந்திக்கலாம். யோசனை அருமை, ஆனால் இங்கே வாங்குவதென்றால் இறக்குமதி விலைதான்.

துண்டு எண்ணிக்கைக்கு இவ்வளவு எழுதினாலும், படத் தேர்வில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். எட்டுப் பேர் சேர்ந்து செய்யும் பசிலில் படம் பல ஊர்களாக, அதாவது தனித்தனி அடையாளமுள்ள பகுதிகளாக, பிரிந்திருக்க வேண்டும். கடைத்தெருப் படம் என்றால் பூக்கடை ஒருவருக்கு, பெயர்ப்பலகை ஒருவருக்கு, சைக்கிள் ஒருவருக்கு, மாடி ஜன்னல் ஒருவருக்கு. "பச்சைக் குடை என்னோடது, யாரும் தொடாதீங்க" என்று பேத்தி சொல்லிவிட்டு உட்காரலாம். தபால்தலைகளை ஒட்டியதுபோன்ற தொகுப்புப் படங்கள், மசாலா ஜாடி அடுக்கிய அலமாரி, ரயில் நிலையம், படகுத் துறை எல்லாம் இந்த ரகம். எழுத்துள்ள படம் இன்னும் நல்லது. எழுத்தின் வளைவை வைத்தே துண்டைத் தலைகீழா நேரா என்று கண்டுபிடித்துவிடலாம்.

வாங்கக் கூடாத படங்கள் நம் ஆசைக்கு மிக நெருக்கமானவை என்பதுதான் வேடிக்கை. மதுரை மீனாட்சியம்மன் கோபுரத்தைக் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்தால் கை தானாக நீளும். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள், மேலிருந்து கீழ்வரை அதே நீலம், அதே பச்சை, அதே ரோஸ். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அது மூன்றாம் நிலையா ஏழாம் நிலையா என்று சொல்லவே முடியாது. பிரிக்க ஊரே இல்லை. மலைச்சரிவும் மூடுபனியுமான படம் அதைவிட மோசம். அந்தப் பச்சையும் வெள்ளையும் ஜன்னலுக்கு வெளியே இலவசமாக இருக்கிறது. இரவு வானம், கடல் இரண்டையும் தாத்தா பாட்டிக்காகவே தவிர்க்கலாம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளிப்பதால், கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்ப்பது அவர்களுக்குக் கஷ்டம். கண்ணாடி மாற்றினாலும் அது தீராது. கடையில் ஒரு எளிய சோதனை செய்யலாம். பெட்டி மூடியின் படத்தை மனதுக்குள் ஆறு கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று பெயர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். இரண்டு கட்டத்துக்கு 'வானம்' என்று பதில் வந்தால் வைத்துவிடுங்கள்.

குடும்பப் போட்டோவையே பசிலாக அடித்துத் தருகிறார்கள் இப்போது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க நன்றாக இருக்கும். பொருத்தி விளையாட அவ்வளவு நன்றாக இருக்காது. அட்டை மெல்லிசாக இருக்கும், துண்டுகளின் வெட்டு ஒன்றுபோலவே இருப்பதால் தவறான இடத்திலும் பொய்யாகப் பொருந்தும். முகங்கள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னால் இருக்கும் மண்டபச் சுவர்தான் மிச்சம்.

மரப் பசிலுக்கு வருவோம். அட்டைக்கு முன்னால் பசில் என்றாலே மரம்தான். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், உலக வரைபடத்தை மகாகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்றுத்தர விற்றார். இன்று இங்கே கிடைப்பவை லேசரில் வெட்டியவை. பூ, மீன், யானை என்று உருவத் துண்டுகளை நடுநடுவே வைத்திருப்பார்கள். பிள்ளைகள் முதலில் அவற்றைத்தான் பொறுக்குவார்கள். ஓரத் துண்டுபோல நேர்கோடு உள்ள துண்டை நடுவில் ஒளித்துவைத்து ஏமாற்றுவதும் உண்டு. அதனால் 200 துண்டு மரப் பசில் 500 துண்டு அட்டைப் பசில் அளவுக்கு நேரம் இழுக்கும். கொடைக்கானல் ஈரத்தில் மரத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அட்டை நாலு நாள் ஈரக்காற்று குடித்தால் ஓரம் உப்பி, மேல்தாள் உரிய ஆரம்பிக்கும். ஒட்டுப்பலகை அப்படியே இருக்கும். விலை குறைந்தவற்றில் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை போட்டு, லேசரில் கருகிய ஓரத்தைத் துடைக்காமலேயே பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். விரலெல்லாம் கரி ஒட்டும், பெட்டியைத் திறந்ததும் புகை வாசம் அடிக்கும். அதோடு, மரப் பசில்கள் அளவில் சின்னவை; பெரும்பாலும் ஒரு பெரிய தட்டுக்குள் அடங்கும். மூன்று பேருக்கு மேல் சுற்றி உட்கார இடமில்லை. கணவனும் மனைவியும் மட்டும் போகும் பயணம் என்றால் மரத்தை எடுங்கள், அங்கே அது 500-ஐவிட அழகு. எட்டுப் பேருக்கு வேண்டாம்.

ஐந்து வயதுப் பேரனை மறக்கக் கூடாது. பெரியவர்கள் பசிலில் அவனைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்வதெல்லாம் அரைமணி நேரத்துக்குத்தான். அப்புறம் ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அவனுக்கென்று தனியாக 30, 40 துண்டில் ஒன்று எடுத்து வையுங்கள். அதே மேசையில், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும். மாநிலம் மாநிலமாக வெட்டிய இந்திய வரைபடம் என்றால், வயதில் மூத்த அக்காவும் சொல்லிக்கொடுக்கலாம். பரணில் இருக்கும் பழையதை எடுப்பதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள். 2014-க்கு முந்தியது என்றால் தெலங்கானா இருக்காது. 2019-க்கு முந்தியது என்றால் லடாக் தனியாக இருக்காது.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. உள்நாட்டுத் தயாரிப்பில் 500 துண்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வெளிநாட்டு 1000 ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். காரணம் தரம் மட்டுமல்ல. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. சுங்கப் பட்டியலில் பசிலுக்கும் பொம்மைகளோடுதான் இடம். கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கனமான அட்டை, துண்டைத் தூக்கினால் பக்கத்துத் துண்டும் கூடவே வரும் இறுக்கம், விளக்கு வெளிச்சத்தில் மினுங்காத மேற்பரப்பு. மூன்றாவதுதான் முக்கியம். பளபளப்புத் தாள் ஒட்டிய பசில், ஹாலின் ஒற்றை டியூப்லைட்டுக்குக் கீழே பாதிப் பேருக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். மற்றபடி முதல் பயணத்துக்கு உள்நாட்டுச் சரக்கு போதும்.

வாங்காமல் இரவல் வாங்கலாமா என்றால், தாராளமாக. ஒரு முறை முடித்த பசிலை அதே குடும்பம் மறுபடி தொடுவது அபூர்வம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் பசில் பைத்தியம் பிடித்தபோது, நூலகங்களும் மருந்துக்கடைகளும்கூட அதை வாடகைக்கு விட்டன. இங்கே அடுக்ககத்தில் நாலு வீடு சேர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விடுமுறைக்கு எடுத்துப்போகும்போது, கொடுத்தவர் "எல்லாத் துண்டும் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாலை உழைத்த பிறகு நடுவில் ஓட்டை என்றால், பாட்டிகூடப் பொறுக்க மாட்டார்.

எங்கே வைத்துச் செய்வது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். சாப்பாட்டு மேசையை எடுத்தால் ஒவ்வொரு வேளைக்கும் சண்டை. தரை என்றால் தாத்தாவுக்கு முதுகு பிடிக்கும், கொடைக்கானல் தரை ஜில்லென்று வேறு இருக்கும். துணிவிரிப்பில் செய்து சுருட்டி வைக்கும் பசில் பாய் கடையில் கிடைக்கிறது. சுருட்டி விரித்தால் இறுக்கம் குறைந்த பசில் அலைஅலையாகப் பிரியும், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இருப்பதிலேயே சிறந்தது கேரம் போர்டு. ஆட்டப் பரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். 70-க்கு 50 பசில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காரும். 500 என்றால் சுற்றிலும் துண்டு பரப்பவும் இடம் மிஞ்சும். சுற்றிக் கட்டை இருப்பதால் துண்டு கீழே விழாது. விழுந்தாலும் மூலை வலையில்தான் விழும், கடைசியில் தேட வேண்டிய முதல் இடமும் அதுதான். வாடகை வீடுகள் பலவற்றில் கேரம் போர்டு இருக்கிறது, வீட்டுக்காரரிடம் போனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பவுடரை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, காயவிட்டுத்தான் துண்டைக் கொட்ட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போர்டோடு தூக்கிக் கட்டில்மேல் வைக்கலாம். இரவில் மேலே ஒரு பெட்ஷீட் போர்த்தினால் ஈரமும் ஏறாது, காலையில் வீடு பெருக்க வருபவர் துண்டைக் குப்பை என்று நினைக்கவும் மாட்டார்.

நிறம் பிரித்து வைக்க எவர்சில்வர் தட்டுகள் போதும். புதுப் பெட்டியில் அட்டைத் தூள் கைப்பிடியளவு இருக்கும், முதலில் முறத்திலோ சல்லடையிலோ போட்டுச் சலித்துவிட்டால் மேசை சுத்தமாக இருக்கும்.

கிளம்பும் நாளில் பசில் முடியாமல் நின்றால் முழுசாகக் கலைக்க வேண்டியதில்லை. சேர்ந்த பகுதிகளைப் பாளம் பாளமாகப் பிரித்து, இடையில் செய்தித்தாள் வைத்து, பட்டுப்புடவை வரும் அட்டைப் பெட்டியில் அடுக்கலாம். காரில் மலை இறங்கும்போது பெட்டி யார் மடியிலாவது தட்டையாக இருக்க வேண்டும், டிக்கியில் வைத்தால் வத்தலக்குண்டு வருவதற்குள் கலவையாகிவிடும். மதுரையிலோ திருச்சியிலோ வீட்டுக்கு வந்து மிச்சத்தை முடிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி அடுத்த பொங்கல் சுத்தம் செய்யும்போதுதான் வெளியே வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே வீட்டில் தங்குகிறவர்களுக்கு. ஹோட்டலில் இரண்டு அறை, இரண்டே இரவு என்றால் 300 பெரிய துண்டுக்கு மேல் போகாதீர்கள். அதுவும் அறையில் கட்டிலைத் தவிர ஒரு மேசை இருந்தால்தான். கும்பகோணம், தஞ்சாவூர், ராமேஸ்வரம் என்று நாளுக்கு ஓர் ஊராகக் கோவில் சுற்றும் பயணத்துக்குப் பசிலே வேண்டாம். ஒரு சீட்டுக்கட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ரயிலிலும் ஆகும்.